அழ மறுத்த பரிசல்காரி

மலைகளெல்லாம் இன்னும் வளர்ந்து முடியாத காலத்தில், நீலியாறு என்ற ஆற்றின் கரையில் ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டுக்கு ஏழ்கடல் கண்டான் என்று ஒரு ராசா. பேரைக் கேட்டு மலைத்துவிட வேண்டாம். அவர் ஒரு கடலைக்கூடக் கண்டதில்லை. புலவர்கள் வைத்த பேர் அது. பாட்டில் இடம் காலியாகக் கிடக்கிறதே என்று ஏழு கடலைக் கொட்டி நிரப்பிவிட்டார்கள்.

அந்த ராசாவுக்கு ஒரு நோய் இருந்தது. வயிற்றில் இல்லை, தலையில் இல்லை, 'அன்றைக்கு அப்படிச் செய்யாமல் இப்படிச் செய்திருந்தால்' என்கிற இடத்தில் இருந்தது. இருபது வயதில் அவர் கப்பலேறப் புறப்பட்டார். பாதி வழியில் அப்பா இறந்த சேதி வந்தது. கப்பலுக்கா, அரண்மனைக்கா என்று ஒரு முழுப் பகல் யோசித்துவிட்டுத் திரும்பி வந்து முடி சூட்டிக்கொண்டார். அன்று பிடித்தது. சோறு குழைந்தாலும் கப்பல், மழை பொய்த்தாலும் கப்பல், ராணி முறைத்தாலும் கப்பல். 'அன்றைக்கு மட்டும் ஏறியிருந்தால்' என்று முப்பது வருசமாகப் பெருமூச்சு விட்டார். அந்த மூச்சிலேயே அரண்மனைக் கொடி இரவும் பகலும் பறந்தது. காற்றுக்கு அங்கே வேலையே இல்லை.

தனியாக வருத்தப்பட யாருக்குத்தான் பிடிக்கும்? ஊரும் சேர்ந்து வருத்தப்பட்டால் மனசு கொஞ்சம் ஆறும். ஆகவே ஒரு சட்டம் போட்டார். நாற்பது வயது நிறைந்த ஆணும் பெண்ணும் தை மாதம் முதல் வெள்ளிக்கிழமை சபைக்கு வர வேண்டும். தன் வாழ்க்கையில் தானே தேர்ந்து செய்ததில் எது தப்பு என்று சொல்ல வேண்டும். சொல்லி, வெண்கலக் கிண்ணத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் விட வேண்டும். விட்டவருக்கு ஒரு அச்சு வெல்லம் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள்.

விடாதவருக்கு? 'எந்த இடத்தில் வழி தப்பினாயோ அந்த இடத்துக்கே திரும்பிப் போய் நில். மறுபடி தேர்ந்தெடு' என்பது தீர்ப்பு. அதுவரை சேர்ந்த வீடு, தொழில், எல்லாம் அடுத்தவர் கைக்குப் போய்விடும்.

அப்படி ஒருவரும் போனதில்லை. ஒரே ஒரு சொட்டுத்தானே. மடியில் சின்ன வெங்காயத்தை முடிந்துகொண்டு வந்து காரியத்தை முடித்துவிட்டுப் போனார்கள். ஒருவர் செவலை மாட்டை வாங்கியது தப்பு என்றார். ஒருவர் தெற்குப் பார்த்து வாசல் வைத்தது தப்பு என்றார். ஒருவர் வேறு எதுவும் தோன்றாமல், பெண்டாட்டியைக் கட்டியது தப்பு என்று சொல்லித் தொலைத்தார். அடுத்த வருசம் அந்த அம்மாளுக்கு நாற்பது நிறைந்தது. அவள் பேசி முடிக்க மூன்று நாள் ஆயிற்று.

இப்படிப் போய்க்கொண்டிருந்த சட்டத்துக்கு ஒரு தை மாதம் காத்தாயி வந்து சேர்ந்தாள்.

காத்தாயி நீலியாற்றில் பரிசல் விட்டவள். அவள் வருவதற்கு முன்னால் அந்த ஆற்றில் துறையே கிடையாது. இக்கரையில் பிறந்தவர் இக்கரையிலேயே செத்தார்கள். அவள் வந்த பிறகு கல்யாணப் பெண் போனாள், மருத்துவச்சி போனாள், சண்டை போட்டுப் பிரிந்த அண்ணன் தம்பி ஒரே பரிசலில் உட்கார்ந்து கரை சேருவதற்குள் பேச ஆரம்பித்தார்கள். வெள்ளம் வரும்போது காத்தாயி துடுப்பை ஓங்கினால் ஆறு கொஞ்சம் ஒதுங்கி வழிவிடும் என்று சொல்வார்கள். நான் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் பொய் சொல்கிறவர்கள் இல்லை.

அந்தத் துறைதான் அவளுக்கு வீடு, வாசல், சொந்தம், எல்லாம். அதன்மேல் மந்திரியின் மச்சினனுக்கு நெடுநாளாக ஒரு கண்.

சபைக்குப் போகும் முன்னால் கரைக்காரர்கள் அவள் மடியில் வெங்காயத்தைத் திணிக்கப் பார்த்தார்கள். ஏதாவது ஒரு தப்பைச் சொல்லிவிட்டு வந்துவிடு, ஊரே அப்படித்தானே செய்கிறது என்று கெஞ்சினார்கள். காத்தாயி வெங்காயத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"நான் பொய்யே சொல்லாதவ இல்லை. மீனோட நீளத்துல சொல்லியிருக்கேன், ஆத்தோட ஆழத்துல சொல்லியிருக்கேன், என் வயசுல ரெண்டு தடவை சொல்லியிருக்கேன். ஆனா என் காலு நடந்த நடையைப் பத்தி மட்டும் சொல்ல மாட்டேன். அது பாவம், என்னை நம்பி நடந்திருக்கு."

சபையில் கிண்ணத்தோடு நின்றவர் ஆதிச்சன் என்ற பெரியவர். இளகிய மனசுக்காரர். அடுத்தவர் அழுதால் அவரும் அழுவார். அதனாலேயே பல பேருடைய கிண்ணத்தில் இரண்டு சொட்டு விழுந்திருக்கிறது. அவர் காத்தாயியின் தாடைக்குக் கீழே கிண்ணத்தைப் பிடித்தார். ராசா கேட்டார். காத்தாயி மூன்று இடத்தில் மூன்று முறை தேர்ந்ததைச் சொன்னாள்.

அவள் பிறந்தது கடலோரம், உப்பளத்துக்காரர்கள் ஊரான அளத்துக்கரையில். அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்தன்று காலையில் பெண், உப்பு மூட்டை ஏற்றிய கழுதையைத் தானே கயிற்றைப் பிடித்து மாப்பிள்ளை வீட்டுக்கு நடத்திப் போக வேண்டும். காத்தாயிக்குப் பார்த்த மாப்பிள்ளை நல்லுடையான், பெரிய உப்பு வணிகன் மகன், குணத்திலும் குறையில்லை. அவன் வீடு நாற்சந்திக்கு மேற்கே. நாற்சந்தியில் கழுதை கிழக்கே இழுத்தது. ஒரு சுண்டு சுண்டினால் திரும்பியிருக்கும். காத்தாயி சுண்டவில்லை. கிழக்கே என்ன இருக்கிறது என்று அவளும் பதினெட்டு வருசமாக யோசித்துக்கொண்டிருந்தாள். கயிற்றைத் தளர்த்தினாள். கழுதை முன்னே போயிற்று, பட்டுச் சேலையோடு அவள் பின்னே போனாள்.

போன இடத்தில் ஒரு கூத்துக் குழு. உப்பில்லாமல் கூழ் குடித்துக்கொண்டிருந்தவர்கள், உப்பு மூட்டையோடு ஒருத்தி வந்ததும் அவளையே சமையற்காரியாக வைத்துக்கொண்டார்கள். ஒரு வருசம் கழித்து அரண்மனையிலிருந்து அவர்களுக்கு அழைப்பு வந்தது. புறப்பட்ட வழியில், ஒரு புளியந்தோப்பில், பல்வலி கண்ட யானை ஒன்று படுத்திருந்தது. அது முனகிய முனகலில் மூன்று ஊரில் தேங்காய் உதிர்ந்தது. குழு அரண்மனைக்குப் போயிற்று. காத்தாயி மிச்ச உப்பை வெந்நீரில் கரைத்துக்கொண்டு யானையிடம் தங்கிவிட்டாள்.

யானை எழுந்து நின்றது. யானையின் சொந்தக்காரர் பெரிய மிராசுதார். இரண்டைக் காட்டி ஒன்றை எடுத்துக்கொள் என்றார். ஒன்று, வாய்க்காலை ஒட்டிய நல்ல நஞ்சை நிலம். இன்னொன்று, மாட்டுக் கொட்டகையில் கவிழ்ந்து கிடந்த ஓட்டைப் பரிசல். அதற்கடியில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. காத்தாயி அதுவரை ஆற்றையே பார்த்ததில்லை. வயல் இருக்கிற இடத்திலேயே இருக்கும், இது எங்கேயாவது போகும் என்று பரிசலைக் கேட்டாள். குஞ்சு பொரிக்கும்வரை காத்திருந்துவிட்டு, பரிசலைக் குடை மாதிரித் தலையில் கவிழ்த்துக்கொண்டு, ஆறு எங்கே ஆறு எங்கே என்று விசாரித்தபடி ஒன்பது நாள் நடந்தாள். அப்படித்தான் நீலியாற்றுக்கு வந்தாள்.

சபை சிரித்தது. ராசா சிரிக்கவில்லை. மாப்பிள்ளையை விட்டாய், அரண்மனையை விட்டாய், நஞ்சையை விட்டாய், மூன்றில் எது தப்பு என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லை மகாராசா."

கிண்ணம் காய்ந்து கிடந்தது. ராசாவுக்கு முகம் சிவந்தது. இவள் பொய் சொல்கிறாள் என்றார். மனிதப் பிறவியில் வருத்தமில்லாதவர் இருக்கவே முடியாது, விட்டுவந்ததைக் கண்ணால் பார்த்தால் தானாக அழுவாள் என்றார். தீர்ப்பைச் சொன்னார். துறையையும் பரிசலையும் மந்திரியின் மச்சினனிடம் ஒப்படைக்க வேண்டியது. காத்தாயி வந்த வழியே திரும்பி நடக்க வேண்டியது. நாற்சந்தி போய்ச் சேருவதற்குள் ஒரு சொட்டு விழுந்தால் துறை அவளுக்குத் திரும்பும். விழாவிட்டால் அங்கே நின்று மறுபடி தேர்ந்தெடுக்க வேண்டியது. அந்த ஒரு சொட்டைத் தன் கண்ணாலேயே பார்க்க வேண்டும் என்று ராசாவும் கூடவே புறப்பட்டார்.

காத்தாயி முன்னால். கிண்ணத்தோடு ஆதிச்சன் பக்கத்தில். குதிரைமேல் ராசா பின்னால், மந்திரியும் காவலர்களும் அவருக்கும் பின்னால். அவள் சாப்பிடும்போதும் ஆதிச்சன் தாடைக்கடியில் கிண்ணத்தைப் பிடித்தார். மோர் குடித்தால் மோர் சொட்டியது. காரமாகத் தின்றால் மூக்கு ஒழுகியது. அதெல்லாம் சட்டத்தில் சேராது என்று ராசா சொல்லிவிட்டார்.

முதலில் மிராசுதாரின் ஊர். அவள் வேண்டாமென்ற நஞ்சை இப்போது பெரிய வாழைத்தோப்பு. ஒவ்வொரு தாரும் ஆள் உயரம். அதை வாங்கிக்கொண்டவன் வீட்டில் ஏழு தூண், ஏழு தூணிலும் பித்தளைப் பூண்.

"பார்த்தாயா," என்றார் ராசா.

காத்தாயி நன்றாகப் பார்த்தாள். இரண்டு பழம் கேட்டு வாங்கித் தின்றாள். நல்ல பழம், நல்ல கை என்று தோட்டக்காரனை வாயார வாழ்த்தினாள். கிண்ணம் காய்ந்து கிடந்தது.

அடுத்தது புளியந்தோப்பு. அரண்மனைக்குப் போன கூத்துக் குழுவுக்கு அந்தத் தோப்பை ஒட்டியே ஒரு தெரு கட்டிக் கொடுத்திருந்தார்கள். காத்தாயி விட்ட இடத்தில் சமையலுக்குச் சேர்ந்தவளுக்கு இப்போது நான்கு சமையற்காரிகள். காதில் தொங்கியது கம்மலா, கல்யாணப் பந்தல் தோரணமா என்று சொல்ல முடியாது.

"இது உன் காதில் இருக்க வேண்டியது," என்றார் ராசா.

"என் காது தாங்காது மகாராசா. துடுப்பு போடும்போது ஆடும்." பழைய கூட்டாளிகளோடு உட்கார்ந்து ஒரு பகல் முழுக்கக் கதை பேசிச் சிரித்துவிட்டு எழுந்தாள். கிண்ணம் காய்ந்து கிடந்தது.

ஆதிச்சனுக்குத்தான் பொறுக்கவில்லை. ராசா பார்க்காத நேரம் மடியிலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்து நீட்டினார். "ஆத்தா, மோந்து மட்டும் பாரு. உன் துறை போயிடும். எனக்குப் படுத்தாத் தூக்கம் வரலை."

"நீங்க வச்சுக்குங்க அண்ணே. ராத்திரிக் குழம்புக்கு ஆகும்."

அளத்துக்கரைக்கு வந்து சேர்ந்தார்கள். ராசாவுக்கு முன்னால் ஒரு கடல் கிடந்தது. ஏழ்கடல் கண்டான் வாழ்க்கையில் முதல் கடலைக் கண்டார். துறைமுகத்தில் ஒரு கப்பலும் நின்றது. பாய் விரித்து, நங்கூரம் எடுக்கத் தயாராக நின்றது. முப்பது வருசமாக மூச்சு விட்ட கப்பல். கப்பல் தலைவன் ஓடி வந்து கும்பிட்டு, மகாராசா ஏறினால் எங்கள் பாக்கியம், எந்த நாட்டுக்கு வேண்டுமானாலும் போவோம் என்றான்.

எல்லாரும் ராசாவைப் பார்த்தார்கள். ராசா கப்பலைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஆடுகிறதே," என்றார்.

கப்பலென்றால் ஆடத்தானே செய்யும் என்று தலைவன் சொன்னான். எனக்குத் தலை சுற்றும் என்றார் ராசா. பிறகு, காலை நேரத்தில் வெறும் வயிறு ஆகாது என்றார். பிறகு, ராணியிடம் சொல்லிக்கொண்டு வரவில்லை என்றார். கப்பல் போயிற்று. ஒருவரும் சிரிக்கவில்லை, சிரிக்காமலிருக்க மந்திரி தன் உதட்டைக் கையால் பிடித்துக்கொண்டார்.

அவமானம் வந்தால் கோபமும் கூடவே வரும். ராசாவுக்கு இப்போது காத்தாயியின் கண்ணீர் சட்டத்துக்காக வேண்டியிருக்கவில்லை. தனக்காகவே வேண்டியிருந்தது. இந்த ஒருத்தியாவது அழவேண்டும். நட நாற்சந்திக்கு என்று அதட்டினார்.

நாற்சந்திக்கு மேற்கே நல்லுடையான் வீடு. இப்போது அது மாளிகை. அவன் மனைவி முத்தம்மை கொலுசு குலுங்க இறங்கி வந்தாள். வந்தவள் யாரென்று தெரிந்ததும் முகம் சுளிக்கவில்லை. உட்காரச் சொன்னாள், மோர் கொடுத்தாள். நல்லுடையானும் வந்து, சௌக்கியமா என்று கேட்டுவிட்டு, கழுதை என்ன ஆயிற்று என்றும் கேட்டான். பழைய கோபம் ஏதும் அவனிடம் இல்லை. அவர்கள் வீட்டு ஊஞ்சல் இருக்கிறதே, அது ஒரு தேர். நான்கு சங்கிலியும் வெள்ளி.

ராசா ஊஞ்சலைக் காட்டினார். "இப்போது சொல். இந்த ஊஞ்சலில் நீ அல்லவா ஆடியிருக்க வேண்டும்?"

காத்தாயி ஊஞ்சலைப் பார்த்தாள், முத்தம்மையைப் பார்த்தாள்.

"இதுல ஆடியிருக்க வேண்டியவ நான் இல்லை மகாராசா. மேற்கே திரும்பிப் போன ஒருத்தி. அவளை எனக்குப் பழக்கமில்லை. அவளுக்கு நீச்சல் தெரியாது, யானைக்குப் பல்வலி வரும்னு தெரியாது. அறியாத ஒருத்தியோட ஊஞ்சலுக்காக நான் எதுக்கு அழணும்?"

 கிண்ணம் காய்ந்து கிடந்தது. அப்போதுதான் முத்தம்மை, மோர்ச் செம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டே, யதார்த்தமாக ஒன்றைச் சொன்னாள்.

"உங்கப்பா போய் ஆறு வருசம் ஆச்சு அக்கா. இருந்தவரைக்கும், ஒவ்வொரு தடவை உப்பு வாரும்போதும் முதல் கைப்பிடி உப்பை எடுத்துட்டுப் போய்க் கிழக்கு ரோட்டு ஓரக் கல்லுமேல வைப்பாரு. கேட்டா, கிழக்கே போனவளுக்கு உப்பு தீர்ந்திருக்கும்பாரு. மழை கரைச்சிட்டுப் போகும். மறுபடி வைப்பாரு."

காத்தாயி எழுந்து நாற்சந்திக்கு நடந்தாள். கல் இருந்தது. மேலே ஒன்றும் இல்லை. இத்தனை வருசம் உப்பு கரைந்து ஓடி, கல்லின் உச்சி மட்டும் வெளுத்துக் குழிந்திருந்தது. அவள் அந்தக் குழியில் கையை வைத்தாள்.

அழுதாள். கல் கரைகிற மாதிரி அழுதாள். ஆதிச்சன் பழக்க தோசத்தில் கிண்ணத்தை நீட்டிவிட்டார். ஒன்று, இரண்டு, மூன்று என்று சொட்டு விழுந்தது.

ராசா குதிரையிலிருந்து குதித்தே விட்டார். விழுந்துவிட்டது, எழுதிக்கொள், தப்பை ஒத்துக்கொண்டாள் என்று எழுது, துறையைக் கொடுத்துவிடு, வெல்லம் எங்கே என்று ஆளாளுக்கு உத்தரவு போட்டார். முப்பது வருசத்தில் அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை யாரும் பார்த்ததில்லை.

ஆதிச்சன் மெல்லச் சொன்னார், துறை கிடைத்துவிட்டது ஆத்தா, வீட்டுக்குப் போகலாம் என்று. இத்தனை நாள் நடையில் அவர் சொல்ல விரும்பியது அது ஒன்றுதான். காத்தாயி வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

காத்தாயி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கிண்ணத்தை வாங்கினாள். அந்தக் கல்லின் குழிமேல் கவிழ்த்தாள்.

"இது எங்கப்பனுக்கு. உன் கிண்ணத்துக்கு இல்லை."

மகாராசா என்பதையும் மறந்து 'உன்' என்று சொல்லிவிட்டாள். காவலர்கள் ஈட்டியைத் தூக்கினார்கள். ராசா கை காட்டி நிறுத்தினார். அழுதாயே, அழுதால் வருத்தம்தானே என்றார். குரல் இறங்கிவிட்டது, அதட்டலாக இல்லை, கேட்பதாகத்தான் இருந்தது.

"அழுகை வேற, தப்புன்னு ஒத்துக்கிறது வேற மகாராசா. கிழக்கே போனதால எங்கப்பன் சாகும்போது நான் பக்கத்துல இல்லை. அது வலிக்குது, சாகிறவரை வலிக்கும். அதுவும் என் வழியிலதான் கிடந்தது, அதையும் நானே எடுத்துக்கறேன். அதைக் காட்டி என் வழியையே தப்புன்னு எழுதச் சொன்னா, எழுத விட மாட்டேன்."

அப்படியானால் துறை இல்லை என்றார் ராசா. இல்லையென்றால் இல்லை என்றாள் அவள். அப்படியானால் தீர்ப்புப்படி இங்கே நின்று மறுபடி தேர்ந்தெடு என்றார்.

காத்தாயி நாற்சந்தியின் நட்ட நடுவில் போய் நின்றாள். மேற்கே மாளிகை தெரிந்தது. முன்பு பதினெட்டு வயதில், என்ன இருக்கிறதென்று தெரியாமல் நின்ற இடம். இப்போது எல்லாம் தெரியும். கூழ் தெரியும், யானை தெரியும், தலையில் பரிசலோடு ஒன்பது நாள் தெரியும், போய்ச் சேருமிடத்தில் துறை இல்லை என்பதும் தெரியும். கழுதைமேல் பழி போடவும் முடியாது, கழுதை இல்லை.

சேலையைத் தூக்கிச் செருகினாள். கிழக்கே நடந்தாள்.

காவலர்கள் ராசாவைப் பார்த்தார்கள். ராசா ஆதிச்சனைப் பார்த்தார். அவர் கிண்ணத்தைத் துடைத்தபடி, மறுபடி தேர்ந்தெடு என்றோம், தேர்ந்துவிட்டாள், இதற்குமேல் சட்டத்தில் ஒன்றும் இல்லை மகாராசா என்றார். ராசா போகிறவளைப் பார்த்துக்கொண்டே நின்றார். பெருமூச்சு வரவில்லை. அரண்மனைக் கொடி அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தொங்கியதாம்.

காத்தாயி நீலியாற்றங்கரைக்கு வந்து சேர்ந்தபோது இரண்டு கரையிலும் ஒரே கூட்டம். மந்திரியின் மச்சினன் நடு ஆற்றில் சுற்றிக்கொண்டிருந்தான். பரிசல் என்பது வட்டமானது, படகு மாதிரி இல்லை. துடுப்பை ஒரு பக்கமே போட்டால் பம்பரமாகச் சுற்றும். அது அவனுக்குத் தெரியாது. ஏறிய அன்றிலிருந்து நாற்பத்தோரு நாளாகச் சுற்றுகிறான். ஊர்க்காரர்கள் கரையிலிருந்து சோற்றுருண்டை எறிவார்கள். அவன் முகம் அந்தப் பக்கம் திரும்புகிற நேரம் பார்த்து எறிந்தால்தான் வாயில் விழும். அதில் சிலர் நல்ல தேர்ச்சி அடைந்துவிட்டார்கள்.

காத்தாயி நீந்திப் போய்ப் பரிசலைப் பிடித்து நிறுத்தினாள். அவன் இறங்கிய பிறகும் கரையில் ஒரு வாரம் சுற்றியபடியேதான் நடந்தான். துறை வேண்டும் என்று மறுபடி வாய் திறக்கவில்லை. அரண்மனையிலிருந்தும் யாரும் கேட்டு வரவில்லை.

அடுத்த தை மாதம் சபைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் வெங்காயமில்லாமல் வந்தார்கள். எங்களுக்குத் தப்பென்று ஒன்றும் இல்லை, வேண்டுமானால் நடக்கிறோம், மகாராசா கூட வரட்டும் என்றார்கள். அத்தனை பேரோடும் எந்த ராசாவால் நடக்க முடியும்? சட்டம் அன்றோடு தீர்ந்தது.

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள்: நீங்களே தேர்ந்து நடந்த வழி எங்கே கொண்டுபோய் விட்டாலும் அதற்காக அழ வேண்டுமானால் அழுங்கள், ஆனால் யார் மிரட்டினாலும் அதைத் தப்பென்று எழுதிக் கொடுக்காதீர்கள்.